தாளம் தவறாத கணினி

அட்டாரி 1040எஸ்டி என்ற வீட்டுக் கணினி 1986இல் விற்பனைக்கு வந்தது. அதன் செயலி நொடிக்கு ஏறத்தாழ 80 லட்சம் முறை துடிக்கும். இன்றைய சாதாரணக் கைப்பேசியின் செயலியோ நொடிக்கு 200 கோடி முறை துடிக்கிறது. அட்டாரியின் நினைவகம் 1 மெகாபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம்கூட அதற்குள் அடங்காது. ஆனாலும் இந்தக் கணினியை இசைக்கூட மேசையிலிருந்து அகற்ற மறுக்கும் இசையமைப்பாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய பொருள்மீதான பாசம் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நொடியை ஆயிரம் கூறு போட்டு, அதில் ஒரு கூறுகூடச் சிந்தாமல் தாளத்தைக் காப்பதில் இந்த இயந்திரம் அபாரமான திறமை கொண்டது. அந்தத் திறமை எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு வியப்பு காத்திருக்கிறது.

முதலில் இயந்திரத்தின் பிறப்பு. கமடோர் நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்த ஜாக் டிராமியல், அங்கிருந்து வெளியேறி, 1984 ஜூலையில் அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை விலைக்கு வாங்கினார். ஷிராஸ் ஷிவ்ஜி தலைமையிலான பொறியாளர் குழு சில மாதங்களிலேயே புதிய கணினி ஒன்றை வடிவமைத்தது. 1985 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அது அறிமுகமானது. அதே ஆண்டில் 520எஸ்டி கடைகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு வந்த 1040எஸ்டியின் விலை 999 டாலர். ஒரு கிலோபைட் நினைவகத்தின் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியதை அன்றைய கணினி உலகம் வாய் பிளந்து பார்த்தது. இசைக்காரர்களின் கண் வேறொன்றின் மேல் விழுந்தது. கணினியின் உடலிலேயே ஐந்து துளைகள் கொண்ட வட்டமான இரண்டு செருகுவாய்கள் இருந்தன. அவற்றின் மேல் எழுதியிருந்த பெயர்: மிடி. மேக்கின்டாஷோ அமிகாவோ வாங்கியவர்கள் மிடிக்காகத் தனிப் பெட்டி ஒன்றையும் வாங்க வேண்டியிருந்தது. அட்டாரியில் ஒரு கம்பியைச் செருகினால் போதும்.

மிடி என்பது மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் சிந்தசைசர் இன்னொரு நிறுவனத்தின் சிந்தசைசரோடு பேசாது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனர் டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் போட்டியாளர்களாக இருந்தும் ஒரே மொழிக்கு இசைந்தார்கள். 1983 ஜனவரியில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஒருவருடைய புராஃபெட் 600ஐயும் மற்றவருடைய ஜூபிட்டர் 6ஐயும் கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தது மற்றொன்றில் ஒலித்தது. மொழியை யாரும் காசாக்கவில்லை. எல்லா நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அது உலகெங்கும் பரவியது. தமிழ்த் திரையிசையில் கணினிவழி இசைக்கோப்பின் தொடக்கமாக அடிக்கடி நினைவுகூரப்படும் இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ வெளியானதும் 1986இல்தான்.

இந்த மொழியில் ஒலி கிடையாது என்பதுதான் முதல் வியப்பு. கம்பி வழியாகச் செல்வது இசையல்ல, விரல்களின் செயல். நீங்கள் பியானோவின் நடு ‘ஸி’ கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் புறப்படுகின்றன: 144, 60, 100. முதல் எண், ‘முதல் தடத்தில் ஒரு சுரம் தொடங்குகிறது’ என்கிறது. இரண்டாவது, எந்தச் சுரம் என்கிறது. மூன்றாவது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்கிறது. விரலை எடுத்தால் இன்னொரு செய்தி. அவ்வளவுதான். அது வயலினாக ஒலிக்க வேண்டுமா, புல்லாங்குழலாக ஒலிக்க வேண்டுமா என்பதை மறுமுனையில் இருக்கும் கருவி முடிவுசெய்கிறது.

அந்த எண்களின் அமைப்பிலேயே ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. கட்டளை எண்கள் எல்லாம் 128 முதல் 255 வரை. விவர எண்கள் எல்லாம் 0 முதல் 127 வரை. இரண்டும் ஒருபோதும் கலப்பதில்லை. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் இசையின் நடுவில் கம்பியைச் செருகினாலும், பெறும் கருவி குழம்பாது. 128 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வரும்வரை காத்திருந்து, அங்கிருந்து புரிந்துகொள்ளத் தொடங்கிவிடும்.

இன்னும் ஒரு நுட்பம்: 248 என்ற தனி எண் தாளத் துடிப்பைக் குறிக்கிறது. ஒரு தாள அடிக்கு 24 துடிப்புகள் வீதம் கணினி இதை அனுப்பினால், டிரம் இயந்திரம் அதைக் கேட்டுக் கணினியோடு ஒன்றாக நடைபோடும். துடிப்பு தாமதமாகவே கூடாது அல்லவா? அதனால் இந்த எண்ணுக்கு ஒரு சலுகை. வேறொரு செய்தியின் நடுவில், அதன் இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இடையில்கூட, அது நுழையலாம். பெறும் கருவி துடிப்பை எடுத்துக்கொண்டு, பாதியில் நின்ற செய்தியை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கம்பியின் வேகம் நொடிக்கு 31,250 பிட்கள். விசித்திரமான எண்ணாகத் தோன்றினாலும் அதற்குக் கணக்கு உண்டு. 10 லட்சத்தை 32ஆல் வகுத்தால் 31,250. அந்நாளில் மலிவாகக் கிடைத்த கடிகாரச் சில்லுகளின் துடிப்பை இரண்டு இரண்டாக ஐந்து முறை பிரித்தாலே இந்த வேகம் கிடைத்துவிடும். அட்டாரியின் வடிவமைப்பாளர்களுக்கு இது இன்னும் எளிதாக அமைந்தது. விசைப்பலகையோடு பேச அவர்கள் 6850 என்ற மலிவான தொடர்புச் சில்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதே சில்லில் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, அதே 5 லட்சம் துடிப்பை 64ஆல் வகுப்பதற்குப் பதில் 16ஆல் வகுத்தார்கள். மிடி பிறந்துவிட்டது. இசைக்கூடங்களின் வரலாற்றையே திருப்பிய வசதிக்கு ஆன செலவு ஒரு சில்லும் இரண்டு செருகுவாய்களும் சில உதிரிகளும்தான்.

ஒவ்வொரு எண்ணும் தொடக்க, முடிவு அடையாளங்களோடு சேர்ந்து 10 பிட்கள் ஆகிறது. அதாவது நொடிக்கு 3,125 எண்கள். ஓர் எண் கடக்க 0.32 மில்லிநொடி, மூன்று எண்கள் கொண்ட ஒரு சுரச் செய்தி கடக்க 0.96 மில்லிநொடி. ஆகவே நொடிக்கு ஆயிரம் சுரச் செய்திகளை அனுப்பலாம். பத்து விரல்களுக்கு இது தாராளம் என்று தோன்றும்.

ஆனால் இங்கே ஒரு மறைந்த உண்மை இருக்கிறது. மிடியில் இரண்டு சுரங்கள் ஒரே கணத்தில் தொடங்கவே முடியாது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய கம்பித் தடுப்பு வழியே பக்தர்கள் செல்வதுபோல, சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செல்லும். பத்துச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் முதல் சுரச் செய்தி புறப்படத் தொடங்கியதிலிருந்து பத்தாவது போய்ச்சேரும்வரை 9.6 மில்லிநொடிகள் ஆகிவிடும். அதைச் சுருக்கவும் வழி கண்டார்கள். ஒரே கட்டளை திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒரு முறை சொன்னால் போதும். பிறகு விவரங்களை மட்டும் அனுப்பலாம். 30 எண்கள் 21 ஆகக் குறைகின்றன, நேரம் 6.7 மில்லிநொடியாகச் சுருங்குகிறது. தாளக் கருவிகளின் தாமதத்தைக் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்பதால், அவற்றை முதல் தடங்களில் வைத்து முதலில் அனுப்புவது அன்றைய இசைக்காரர்கள் கற்ற தொழில் நுணுக்கம்.

கம்பியின் முனையிலும் ஓர் அதிசயம் உண்டு. அனுப்பும் கருவியின் மின்சாரம் பெறும் கருவியின் சுற்றுக்குள் நுழைவதே இல்லை. பெறும் பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பெயர் ஒளிப் பிரிப்பான். அதற்குள் ஒரு நுண்விளக்கும் எதிரே ஓர் ஒளியுணரியும் இருக்கின்றன. மிடிச் செய்தி வரும்போது விளக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை எரிந்து அணைகிறது. எதிரே இருக்கும் ஒளியுணரி அதைப் படிக்கிறது. இரண்டு கருவிகளுக்கும் இடையே மின் தொடர்பு இல்லாததால், ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்ற மின் இரைச்சல் வருவதில்லை. ஒரு கருவி பழுதானாலும் மற்றொன்று பிழைக்கிறது. மிடியில் செல்லும் ஒவ்வொரு சுரமும் சிறிது தூரம் ஒளியாகப் பயணம் செய்துதான் ஒலியாகிறது.

நம் இசைக்கு இந்த மொழி போதுமா? கட்டைகளுக்கு எண் கொடுக்கும் மொழியில் கமகத்தை எப்படி எழுதுவது? அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். சுரத்தை மேலும் கீழும் வளைக்க ஒரு தனிச் செய்தி உண்டு. அது 0 முதல் 16,383 வரை எண்களை ஏற்கும். நடுவில் இருக்கும் 8,192 என்றால் வளைவே இல்லை. வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். அந்த நான்கு அரைச்சுர இடைவெளிக்குள் 16,384 படிகள் என்பது காதால் பிரித்தறிய முடியாத நுட்பம். ஆனால் விலை உண்டு. ஒரு நொடி நீளும் அசைவை வழுக்கலாகக் காட்ட 100 செய்திகள் அனுப்பினால், கம்பியின் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஒற்றைச் சுரத்துக்கே போய்விடும். தவிர, வளைவு ஒரு தடம் முழுவதையும் வளைக்கும். வீணையில் ஒரு தந்தியை மட்டும் இழுத்து மற்றதை நிலையாக விடுவதைப் போலச் செய்ய வேண்டுமானால், அந்தச் சுரத்துக்குத் தனித் தடம் ஒதுக்க வேண்டும். மிடியில் இருப்பவை 16 தடங்கள்.

இனி மென்பொருளுக்கு வருவோம். இப்படி வரும் செய்திகளைப் பதிவுசெய்து, திருத்தி, மீண்டும் வரிசையாக ஓட்டும் மென்பொருளுக்குச் சீக்வென்சர் என்று பெயர். அட்டாரியில் இரண்டு சீக்வென்சர்கள் கொடிகட்டிப் பறந்தன. இரண்டும் ஜெர்மனியில் பிறந்தவை. சார்லி ஸ்டைன்பெர்க்கும் மன்ஃப்ரெட் ரியூரப்பும் 1984இல் தொடங்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் முதலில் கமடோர் 64க்கும், பிறகு அட்டாரிக்கு புரோ-24 என்ற பெயரிலும் மென்பொருள் எழுதியது. 1989இல் குபேஸ் வந்தது. ஸி-லேப் நிறுவனம் கிரியேட்டரையும், அதோடு இசைக்குறிப்பு எழுதும் வசதியைச் சேர்த்து நொட்டேட்டரையும் வெளியிட்டது.

சீக்வென்சரின் அடிப்படை ஒரு நீண்ட பட்டியல். ‘இந்த நேரத்தில் இந்தச் செய்தி’ என்ற வரிகள், நேர வரிசையில். நான்கு நிமிடப் பாட்டில் 4,000 சுரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், முடிவு, நேரம் எல்லாம் சேர்த்து 10 பைட் என்றால், மொத்தம் 40,000 பைட். அட்டாரியின் 720 கிலோபைட் நெகிழ்வட்டு ஒன்றில் இப்படி 18 பாட்டுகள் அடங்கும். அதே நான்கு நிமிடத்தைக் குறுந்தட்டுத் தரத்தில் ஒலியாகச் சேமித்தால் 4 கோடி பைட்டுக்கும் மேல் ஆகும். ஒரே பாட்டுக்கு 58 நெகிழ்வட்டுகள் தேவைப்படும். ஒலியை விட்டுவிட்டு விரலை மட்டும் நினைவில் வைத்ததால்தான் இத்தனை சிறிய கணினிக்குள் இத்தனை பெரிய இசை அடங்கியது.

அந்தப் பட்டியலில் நேரம் எப்படி எழுதப்படுகிறது? நொடியாக அல்ல, தாளத்தின் பின்னமாக. நொட்டேட்டர் ஒரு தாள அடியை 192 கூறுகளாகப் பிரித்தது. குபேஸ் 384ஆகப் பிரித்தது. ஒவ்வொரு கூறுக்கும் டிக் என்று பெயர். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் நொட்டேட்டரின் ஒரு டிக் 2.6 மில்லிநொடி. ஏன் 192? அதை 4ஆல் வகுத்தால் 48, 3ஆல் வகுத்தால் 64. அதாவது சதுஸ்ர நடையும் திஸ்ர நடையும் மீதியில்லாமல் விழுகின்றன. கண்ட நடையை எடுத்தால் 38.4 என்ற பின்னம் வருகிறது. மென்பொருள் அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தள்ளியாக வேண்டும். அந்தப் பிழை அதிகபட்சம் 0.4 டிக், ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் 34 சென்டிமீட்டர் நகரும். மிருதங்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அமர்வதால் வரும் வேறுபாட்டைவிடச் சற்றே அதிகம். எந்தக் காதும் புகார் சொல்லாது.

நேரம் தாளக் கணக்கில் இருப்பதால் பெரிய பெரிய மாற்றங்கள் சிறிய கூட்டல் கழித்தல் ஆகிவிடுகின்றன. பாட்டின் வேகத்தை மாற்ற வேண்டுமா? பட்டியலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம்; டிக் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்பதை மாற்றினால் போதும். சுருதி மாறாது. ஒலிநாடாவில் வேகத்தைக் கூட்டினால் பாடகரின் குரல் கீச்சென்று ஆகிவிடும் காலத்தில் இது மாயமாகத் தோன்றியது. சுருதியை இரண்டு அரைச்சுரம் ஏற்ற வேண்டுமா? எல்லாச் சுர எண்களோடும் 2ஐக் கூட்டினால் முடிந்தது.

வாசிப்பில் தாளம் பிசகினால் அதைச் சரிசெய்யும் வசதிக்கு குவான்டைஸ் என்று பெயர். தாளத்திருத்தம் என்று சொல்லலாம். 48இல் விழ வேண்டிய சுரம் 54இல் விழுந்திருந்தால், மென்பொருள் அதை அருகிலுள்ள 48இன் மடங்குக்கு இழுக்கும். முழுவதும் இழுத்தால் வாசிப்பு இயந்திரத்தனமாகிவிடும் என்று கண்டபோது, பாதி தூரம் மட்டும் இழுக்கும் வசதியைச் சேர்த்தார்கள்: 54, 51 ஆகும். வாசித்தவரின் சாயல் தங்கும், பிசகு மறையும். நொட்டேட்டர் இன்னொரு படி மேலே போனது. திரையில் காட்டும் இசைக்குறிப்பில் மட்டும் தாளத்தைத் திருத்திக்கொண்டு, ஒலிக்கும் வாசிப்பைத் தொடாமல் விட்டது. கண்ணுக்குச் சுத்தமான குறிப்பு, காதுக்கு உயிருள்ள வாசிப்பு.

குபேஸ் காட்டிய திரை இன்னொரு கண்டுபிடிப்பு. இடமிருந்து வலமாகக் காலம். மேலிருந்து கீழாகத் தடங்கள். வாசித்த பகுதிகள் செவ்வகங்களாக. சுட்டியால் ஒரு செவ்வகத்தைப் பிடித்து இழுத்துப் பல்லவியை நகர்த்தலாம், நகலெடுக்கலாம். நகல் என்றாலும் எல்லாச் சுரங்களையும் மறுபடி எழுதத் தேவையில்லை. ‘நிழல்’ நகல் ஒன்றை உருவாக்கினால், அது மூலத்தைச் சுட்டும் ஒரு குறிப்பு மட்டுமே. நினைவகமும் மிச்சம், மூலத்தில் ஒரு சுரத்தைத் திருத்தினால் பாட்டில் அது வரும் எல்லா இடங்களிலும் தானாகத் திருந்தும். இன்று உலகெங்கும் பயன்படும் இசை மென்பொருள்கள் பெரும்பாலும் இந்தத் திரையமைப்பின் வாரிசுகள்.

இந்த வேலை அத்தனையும் 2.6 மில்லிநொடி இடைவெளிகளுக்குள் நடந்தாக வேண்டும். அட்டாரியின் மோட்டரோலா 68000 செயலிக்கு அந்த இடைவெளியில் கிடைப்பவை ஏறத்தாழ 20,800 துடிப்புகள். மிக எளிய கட்டளைக்கு 4 துடிப்புகள் ஆகும். ஒரு பெருக்கலுக்கு 70 வரை ஆகலாம். சராசரியாகக் கட்டளைக்கு 10 என்று வைத்தால், ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையில் 2,000 கட்டளைகள். அதற்குள் பட்டியலைப் பார்த்து, நேரம் வந்த சுரங்களை அனுப்பி, வந்துகொண்டிருப்பதைப் பதிந்து, திரையையும் வரைய வேண்டும்.

செயலி ஒவ்வொரு டிக்கையும் எப்படி அறிகிறது? கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. அதனால் மதர்போர்டில் 68901 என்ற துணைச் சில்லு ஒன்று இருக்கிறது. அதற்கெனத் தனிப் படிகம் நொடிக்கு 24,57,600 முறை துடிக்கிறது. அதிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, குறித்த நேரம் வந்ததும் செயலியைத் தட்டிக் கூப்பிடும். இதற்குக் குறுக்கீடு என்று பெயர். செயலி செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திக் குறித்து வைத்துவிட்டு, டிக் வேலையை முடித்து, பழைய வேலைக்குத் திரும்பும். கணினியின் இயங்குதளம் தனக்காக வைத்திருந்த கடிகாரம் நொடிக்கு 200 முறைதான் ஒலித்தது. இசைக்கு அது போதாது. 120 அடி வேகத்துக்கே நொடிக்கு 384 டிக்குகள் வேண்டும். ஆகவே சீக்வென்சர்கள் அந்தத் துணைச் சில்லின் கடிகாரத்தைத் தாங்களே நேரடியாக ஆண்டன.

உள்ளே வரும் சுரங்களுக்கும் இதே அவசரம். மிடிச் சில்லால் படிக்கப்படாத ஓர் எண்ணைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அடுத்த எண் 0.32 மில்லிநொடியில் முழுதாக வந்துசேரும். அதற்குள், ஏறத்தாழ 250 கட்டளைகளுக்குள், செயலி முந்தையதை எடுத்திருக்க வேண்டும். தவறினால் எண் தொலைந்துபோகும். தொலைந்தது ‘விரலை எடுத்தேன்’ என்ற செய்தியாக இருந்தால், அந்தச் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால் எந்தச் சுரங்கள் இன்னும் ஒலிக்கின்றன என்பதற்கு நல்ல சீக்வென்சர்கள் ஒரு தனிக் கணக்கு வைத்திருந்தன. பாட்டை நடுவில் நிறுத்தினால், கணக்கில் உள்ள ஒவ்வொன்றுக்கும் முடிவுச் செய்தி அனுப்பி அமைதிப்படுத்தின.

செயலியின் சுமையைக் குறைக்க இன்னொரு ஏற்பாடு. அட்டாரியின் விசைப்பலகைக்குள் தனியாக ஒரு சிறு கணினியே இருக்கிறது. ஹிட்டாச்சி 6301 என்ற அந்தச் சில்லின் வேலை நினைவகம் 128 பைட்தான். விசைகளையும் சுட்டியின் அசைவையும் கவனித்து, நடந்ததை மட்டும் சுருக்கமாகச் செயலியிடம் சொல்வது அதன் பணி. திரையும் எளிமையானது. கறுப்பு வெள்ளை மானிட்டரில் 640க்கு 400 புள்ளிகள்; புள்ளிக்கு ஒரு பிட் வீதம் முழுத் திரைக்கும் 32,000 பைட். நொடிக்கு 71 முறை புதுப்பிக்கப்படும் அந்தத் திரை அசையாமல், கூர்மையாக, நாள் முழுவதும் உற்றுப்பார்க்க ஏற்றதாக இருந்தது.

இப்போது இன்றைய கணினியோடு ஒப்பிடுவோம். அது பல ஆயிரம் மடங்கு வேகமானது. ஆனால் நூறு வேலைகளை ஒரே நேரத்தில் சுமக்கிறது. மின்னஞ்சலைப் பார்க்கிறது, வைரஸைத் தேடுகிறது, கோப்புகளைப் படியெடுக்கிறது. மிடிச் செய்தி நேராக ஒரு சில்லுக்குப் போவதில்லை. இயங்குதளத்தின் பல அடுக்குகளைக் கடந்து, யுஎஸ்பி கம்பியின் முறைக்காகக் காத்திருந்து போகிறது. பழைய யுஎஸ்பி முறையில் அந்த முறை ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு காத்திருப்பும் சிறிது. சிக்கல் அதன் அளவில் இல்லை, சீரின்மையில் இருக்கிறது. எல்லாச் சுரங்களும் 5 மில்லிநொடி தாமதித்தால் கேட்பவருக்குத் தெரியாது. ஒன்று 1, அடுத்தது 6, அதற்கடுத்தது 3 என்று தாமதித்தால் தாளத்தின் இறுக்கம் தளர்ந்துவிடும். அட்டாரியில் சீக்வென்சர் ஓடும்போது வேறெதுவும் ஓடுவதில்லை. பட்டியலிலிருந்து கம்பிவரை ஒரே பாதை, ஒரே வேலை. வேகத்தில் தோற்கும் இயந்திரம் சீரில் ஈடுகொடுப்பதற்கு இதுவே காரணம். ஃபேட்பாய் ஸ்லிம் என்று அறியப்படும் நார்மன் குக், 1990களின் இறுதியில் உலகப் புகழ் பெற்ற தம் நடனப் பாடல்களை அட்டாரியில் கோத்தார்.

இந்த இயந்திரத்தை இன்று உயிர்ப்பிப்பதும் சுவையான வேலை. முதலில் மின்வழங்கியைத் திறந்து, வயதான மின்தேக்கிகளை மாற்ற வேண்டும். நாற்பதாண்டுகளில் அவற்றுக்குள் இருக்கும் திரவம் வற்றியிருக்கும். அடுத்தது நெகிழ்வட்டு. காந்தப் பூச்சு உதிரும் முன் வட்டுகளைப் படியெடுத்து வைக்கிறார்கள். பிறகு வட்டு இயக்கியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சிறு மின்பலகையைப் பொருத்துகிறார்கள். அதில் யுஎஸ்பி நினைவுக்குச்சியைச் செருகினால், வட்டு சுழலும்போது அதைப் படிக்கும் தலை எழுப்பும் மின்துடிப்புகளை அந்தப் பலகை அப்படியே எழுப்பிக் காட்டுகிறது. தன்னிடம் சுழலும் வட்டு எதுவும் இல்லை என்பதை அட்டாரி கடைசிவரை அறிவதில்லை. பழைய மானிட்டர் பழுதாகியிருந்தாலும் கவலையில்லை. அதன் கறுப்பு வெள்ளைச் சமிக்ஞை விஜிஏ என்ற திரைத் தரத்துக்கு நெருக்கமானது. தகுந்த கம்பி இருந்தால் பிற்கால மானிட்டர்கள் பல அதை ஏற்றுக்கொள்ளும்.

மிகவும் விசித்திரமான தடை டாங்கில் என்ற பூட்டுச்சாவி. திருட்டு நகலைத் தடுக்க, அசல் வாங்கியவருக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு சாவியும் தந்தார்கள். அதை அட்டாரியின் கார்ட்ரிட்ஜ் செருகுவாயில் பொருத்தியிருந்தால்தான் குபேஸும் நொட்டேட்டரும் ஓடும். இதில் ஒரு புதிர் இருக்கிறது. அந்தச் செருகுவாய் வாசிக்க மட்டுமே. கணினியால் அதற்கு எதையும் எழுதி அனுப்ப முடியாது. அப்படியானால் சாவியிடம் கேள்வி கேட்பது எப்படி? செயலி எந்த முகவரியிலிருந்து வாசிக்கிறது என்பதே கேள்வியாகிறது. ஒரு முகவரியைத் தொட்டால் ஒரு பொருள், வேறொன்றைத் தொட்டால் வேறு பொருள். சாவிக்குள் இருக்கும் சுற்று அந்த வரிசையைக் கவனித்துச் சரியான விடையைத் தருகிறது. வாயே இல்லாத ஒரு வழியில் பேசவைத்த பொறியாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதனால்தான் பழைய மென்பொருளைத் தேடுபவர்கள் வட்டைவிடச் சாவியையே பத்திரமாகக் காக்கிறார்கள். மின்சாரம் ஓடும்போது அதைச் செருகவோ பிடுங்கவோ மாட்டார்கள்.

அட்டாரி கையில் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஹட்டாரி என்ற இலவச மென்பொருள் இன்றைய கணினிக்குள் ஒரு முழு அட்டாரியாக நடிக்கிறது. இவ்வகை மென்பொருளுக்குப் போன்மி என்று பெயர். 68000 செயலி, துணைச் சில்லின் கடிகாரங்கள் ஆகியவற்றின் நடத்தையை அது துடிப்புத் துடிப்பாகக் கணக்கிடுகிறது. எமுடாஸ் என்ற இலவச இயங்குதளத்தோடு சேர்த்தால் சில நிமிடங்களில் அட்டாரியின் மேசைத்திரை கண்முன் விரியும். மிடியையும் அது வெளியே அனுப்பும். ஆனால் அட்டாரியின் சீரான நேரத்தை மட்டும் அதனால் முழுதாகக் கடன்வாங்க முடியாது. எத்தனை துல்லியமாக நடித்தாலும், செய்தி வெளியேறுவது இன்றைய கணினியின் நெரிசலான வாசல் வழியாகத்தான்.

அந்த இரண்டு ஜெர்மன் மென்பொருள்களும் இன்று வேறு வடிவில் வாழ்கின்றன. நொட்டேட்டரை உருவாக்கியவர்கள் எமேஜிக் நிறுவனத்தைத் தொடங்கி லாஜிக்கை எழுதினார்கள். 2002இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஸ்டைன்பெர்க் 2005இல் யமஹாவோடு சேர்ந்தது. குபேஸ் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 2020இல் மிடி 2.0 வெளியான பிறகும் 1983இன் மிடி ஓய்வுபெறவில்லை. எல்லா நிறுவனங்களின் மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொதுவான மிடிக் கோப்பு வடிவம் 1988இல் வரையறுக்கப்பட்டது. அந்த வடிவில் ஒருவர் அட்டாரியில் சேமித்த பாட்டை இன்றைய லாஜிக்கிலோ குபேஸிலோ திறக்கலாம். அன்று அவர் எந்தக் கட்டையை எப்போது தொட்டார், எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விரலை எடுத்தார் என்பதெல்லாம் டிக் மாறாமல் இருக்கும். அதை எந்தக் கருவியில் ஒலிக்கவிடுவது என்பதை மட்டும் இன்றைய இசைக்காரர் முடிவுசெய்யலாம். கணினி உலகில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழைய கோப்பு ஒன்று ஒரு சுரம்கூட இழக்காமல் திறப்பது அரிது. ஒலியைச் சேமிக்காமல் விரலின் செயலைச் சேமிக்கலாம் என்று 1983இல் முடிவெடுத்தவர்களும், அதை மில்லிநொடி பிசகாமல் காத்த அட்டாரியின் பொறியாளர்களும் சேர்ந்து தந்த வரம் இது.